ஸ்குவாட் 140 கிலோ, 5 கிலோமீட்டர் ஓட 33 நிமிடம்: ஹைராக்ஸுக்கு இரண்டையும் எப்படிச் சேர்ப்பது?

கோவை_இரும்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்திப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 34, எடை 84 கிலோ. கல்லூரிக் காலத்திலிருந்தே ஜிம்தான் என் பொழுதுபோக்கு. ஸ்குவாட் 140, டெட்லிஃப்ட் 170, பெஞ்ச் 95 கிலோ வரை போகிறது. ஓடுவது என்பது பஸ்ஸைப் பிடிப்பதற்கு மட்டும் என்று இருந்தவன் நான். போன வாரம் ரேஸ் கோர்ஸில் 5 கிலோமீட்டர் ஓடிப் பார்த்தேன். 33 நிமிடம் ஆயிற்று. அதிலும் கடைசிக் கிலோமீட்டரில் பாதி நடைதான்.

இந்த லட்சணத்தில் ஹைராக்ஸ் போட்டியின் ஆண்கள் ஓபன் பிரிவுக்குப் பணம் கட்டிவிட்டேன். நான்கு மாதம் இருக்கிறது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 1 கிலோமீட்டர் ஓட வேண்டும், பிறகு ஒரு நிலையத்தில் வேலை, மறுபடியும் 1 கிலோமீட்டர், அடுத்த நிலையம். இப்படி எட்டு முறை. எந்த நாட்டில் நடந்தாலும் வரிசை மாறாது. ஸ்கி எர்க் (பனிச்சறுக்குக் கோலை இழுப்பது போல் மேலிருந்து கயிற்றை இழுக்கும் எந்திரம்) 1000 மீட்டர், 152 கிலோ ஸ்லெட்டை (எடை ஏற்றிய, சக்கரமில்லாத சறுக்குவண்டி) தள்ளுவது 50 மீட்டர், 103 கிலோ ஸ்லெட்டைக் கயிற்றால் இழுப்பது 50 மீட்டர், பர்பி (தரையில் படுத்து எழுவது) போட்டு முன்னால் தாவுவது 80 மீட்டர், ரோயிங் 1000 மீட்டர், கைக்கு 24 கிலோ வீதம் இரண்டு கெட்டில்பெல்லைத் தூக்கி நடப்பது 200 மீட்டர், தோளில் 20 கிலோ மணல் மூட்டையுடன் லஞ்ச் (ஒவ்வோர் அடிக்கும் முழங்காலை மடக்கி இறங்கி நடப்பது) 100 மீட்டர், கடைசியாக 6 கிலோ வால் பால் (உட்கார்ந்து எழுந்து பந்தை உயரக் குறியில் எறிவது) 100 முறை.

ஜிம்மில் இருக்கும் நண்பர்கள், "ஓடினால் தசை கரைந்துவிடும், ஸ்குவாட் 100 கிலோவுக்கு இறங்கிவிடும்" என்கிறார்கள். ரேஸ் கோர்ஸில் பழக்கமான ஓட்டக்காரர்கள், "நான்கு மாதத்துக்கு இரும்பைத் தொடாதே" என்கிறார்கள். நான் இருவர் பேச்சையும் பாதிப் பாதி கேட்டு இப்படிச் செய்துவருகிறேன்: திங்கள் கால் பயிற்சி, செவ்வாய் ஓட்டம், புதன் மார்பு, வியாழன் ஓட்டம், வெள்ளி டெட்லிஃப்ட், சனி ஓட்டம், ஞாயிறு மருதமலைப் படிகள். செவ்வாயன்று கால் எழும்பவே மறுக்கிறது. வெள்ளியன்று 140 கிலோவே கனமாகத் தெரிகிறது. எந்த நாள் ஓடினாலும் மூச்சு வாங்குகிறது. வலிமை, ஓட்டம் இரண்டுமே தேய்வதாகத் தோன்றுகிறது.

ஒரே நாளில் இரண்டையும் செய்யலாமா? செய்தால் எதை முதலில் செய்வது? எங்கள் ஜிம்மில் ஸ்லெட் இல்லை, அதற்கு மாற்று என்ன? வேலையில் ஷிஃப்ட் மாறும், மூன்று வாரத்துக்கு ஒரு முறை இரவு ஷிஃப்ட் வரும். சாப்பாட்டில் இரவுச் சோற்றை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது, இடுப்பு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அதிகாலை_ஓட்டம் எழுதியது:

நண்பரே, கணக்கு எளிது. மொத்தம் 8 கிலோமீட்டர் ஓட்டம். போட்டி நேரத்தில் ஏறக்குறைய பாதி ஓட்டத்திலேயே போய்விடும். உங்களிடம் வலிமை தேவைக்கு மேல் இருக்கிறது, ஓட்டம் இல்லை. இருப்பதற்கே மேலும் நேரம் செலவழித்து என்ன பயன்? வாரத்துக்கு ஐந்து நாள் ஓடுங்கள். எடையெல்லாம் போட்டி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். 84 கிலோவில் ஐந்தாறு கிலோ குறைந்தால் அதுவும் ஓட்டத்துக்கு லாபம்தான்.

சத்துவாச்சாரி_தூக்கு எழுதியது:

தம்பி, மேலே ஓட்டக்கார நண்பர் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி சரியில்லை. விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் வேலூர் சத்துவாச்சாரிக்காரி. சதீஷ் சிவலிங்கம் 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கினாரே, அவருடைய ஊர். இங்கே பிள்ளைகள் கிரிக்கெட் மட்டையைத் தூக்குவதற்கு முன்பே பார்பெல்லைத் தூக்கிப் பார்ப்பார்கள். என் இளமையும் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்று பளு தூக்கும் போட்டியின் இரண்டு தூக்கு முறைகளிலேயே போயிற்று. ஓடினால் கால் "மெத்தனமாகிவிடும்" என்று எங்கள் காலத்துப் பயிற்சியாளர்கள் மைதானத்தைச் சுற்றி இரண்டு வட்டத்துக்கு மேல் ஓடவே விடமாட்டார்கள். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் நான் ஓடத் தொடங்கினேன். இப்போது ஹைராக்ஸுக்குத் தயாராகிற சிலருக்குப் பயிற்சியும் கொடுக்கிறேன். ஆகவே "தசை கரைந்துவிடும்" என்கிற பயம் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பயத்துக்கு ஓர் ஆய்வு ஆதாரமும் உண்டு. ராபர்ட் ஹிக்சன் என்கிற அமெரிக்க ஆய்வாளர் பளு தூக்கும் பழக்கம் உள்ளவர். தாங்குதிறன் ஆராய்ச்சியில் பெயர்பெற்ற ஜான் ஹோலோசியின் ஆய்வகத்தில் சேர்ந்து, அவருடன் தினமும் ஓடத் தொடங்கியபோது தம் தசை குறைவதைப் பார்த்தார். அதையே பிறகு ஆராய்ச்சியாக்கி 1980இல் வெளியிட்டார். மூன்று குழுக்கள், பத்து வாரம். ஒரு குழுவுக்கு வலிமைப் பயிற்சி மட்டும், வாரத்துக்கு 5 நாள். இன்னொன்றுக்குத் தாங்குதிறன் பயிற்சி மட்டும், வாரத்துக்கு 6 நாள். மூன்றாவது குழுவுக்கு இரண்டும் முழுதாக. இந்த மூன்றாவது குழுவின் வலிமை ஏழாவது வாரம் வரை முதல் குழுவைப் போலவே ஏறியது, பிறகு நின்றது, கடைசி இரண்டு வாரங்களில் இறங்கியது. ஜிம்களில் எல்லாரும் சொல்லும் கதை இதோடு முடிந்துவிடும்.

அவர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு விஷயம். அந்தக் குழு வாரத்துக்கு 11 பயிற்சிகள் செய்தது, அத்தனையும் கடுமையானவை. அப்படியிருந்தும் ஏழு வாரம் வரை வலிமை ஏறிக்கொண்டுதான் இருந்தது. நீங்களும் நானும் வேலைக்குப் போய்க்கொண்டே 11 பயிற்சி செய்யப்போவதில்லை. இன்னொன்று, அந்தக் குழுவின் ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன் ஓடியவர்களுக்கு நிகராகவே வளர்ந்தது. எடை தூக்கியதால் அவர்களுடைய தாங்குதிறனுக்கு எந்த நஷ்டமும் இல்லை. "இரும்பைத் தொடாதே" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதற்குப் பின் நாற்பது ஆண்டு ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வந்த அலசல், இரண்டையும் சேர்த்துச் செய்வதால் தசை அளவும் அதிகபட்ச வலிமையும் பாதிக்கப்படுவதில்லை என்கிறது. பாதிப்பு தெரிவது வெடித்தெழும் வேகத்தில்தான், அதுவும் இரண்டையும் ஒரே அமர்வில் அடுத்தடுத்துச் செய்தால். ஸ்னாட்ச் போடுகிற என் போன்றவர்கள் கவலைப்பட வேண்டிய செய்தி அது. ஹைராக்ஸில் வெடித்தெழ என்ன இருக்கிறது? ஸ்லெட்டை நகர்த்த வேண்டும், மூட்டையைச் சுமக்க வேண்டும், பந்தை 3 மீட்டர் உயரத்துக்கு எறிந்துகொண்டே இருக்க வேண்டும். உங்கள் 140 கிலோ ஸ்குவாட்டை ஓட்டம் விழுங்கிவிடாது. அரைத் தூக்கமும் அரைச் சோறும் விழுங்கிவிடும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். 5 கிலோமீட்டருக்கு 33 நிமிடம் என்றால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 36 நொடி. போட்டியில் இடையிடையே நிலையங்கள் இருப்பதால் இன்றைக்கு நீங்கள் ஓடினால் 7 நிமிடம் ஆகும், அதாவது ஓட்டத்துக்கு மட்டும் 56 நிமிடம். அதைக் கிலோமீட்டருக்கு 6 நிமிடமாக்கினால் 8 நிமிடம் மிச்சம். மறுபக்கம், ஸ்குவாட்டை 140லிருந்து 160 ஆக்கினால் என்ன கிடைக்கும்? ஸ்லெட் தள்ளும் வேலையே உங்களைப் போன்றவருக்கு மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதில் சில நொடிகள் குறையலாம், அவ்வளவுதான். ஆகவே வளர்க்க வேண்டியது ஓட்டம், காக்க வேண்டியது வலிமை. இரண்டையும் சரிபாதியாகப் பங்குபோட்டு வளர்க்க நினைக்கிறீர்கள். இது பாகப்பிரிவினை அல்ல தம்பி.

வலிமையைக் காப்பது அதை வளர்ப்பதைவிட மிகவும் மலிவு. பாரில் உள்ள எடையைக் குறைக்காமல் செட்டுகளை மட்டும் மூன்றில் ஒரு பங்காக்கினாலும் பெற்ற வலிமை மாதக்கணக்கில் நிற்கும். வழக்கமாக எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: எடையைப் பாதியாக்கி, 20 முறை, 30 முறை என்று போட்டு, "தாங்குதிறனுக்காக" என்பார்கள். அந்தத் தாங்குதிறனை ஓட்டமும் நிலையங்களும் தரும். பாரிடம் கனத்தை மட்டும் கேளுங்கள்.

எடையை அடியோடு விடாதீர்கள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கனமான எடையை வாரம் இரு முறை தூக்குகிற ஓட்டக்காரர்கள் அதே வேகத்துக்குக் குறைவான ஆக்சிஜனையே செலவழிக்கிறார்கள் என்று பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. தசைநாண் விறைப்பாகிறது, ஒவ்வோர் அடியிலும் தரை திருப்பித் தருவது அதிகமாகிறது. எனவே உங்கள் ஸ்குவாட் ஓட்டத்துக்கு எதிரியல்ல.

வாரத்தை எப்படி அமைப்பது? உங்கள் இப்போதைய அட்டவணையில் ஏழு நாளும் நடுத்தரக் கடினம். எந்த நாளும் முழு வேலையும் இல்லை, எந்த நாளும் முழு ஓய்வும் இல்லை. கடினமானவற்றை ஒரே நாளில் சேர்த்துக் கட்டுங்கள், அடுத்த நாள் உண்மையாகவே எளிதாக இருக்கட்டும். செவ்வாய் காலை 800 மீட்டர் ஓட்டம் நான்கு, ஒவ்வொன்றும் 4 நிமிடம் 50 நொடிக்குள், இடையே 2 நிமிட நடை. அன்று மாலையே ஸ்குவாட்: 110 முதல் 115 கிலோவில் 4 முறை வீதம் மூன்று செட், ஒவ்வொரு செட்டையும் இன்னும் இரண்டு முறை போட முடியும் என்கிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். புதன் 40 நிமிட மெதுவோட்டம். வியாழன் மேலுடல், கூடவே ரோயிங் எந்திரத்தில் 20 நிமிடம் நிதானமாக. வெள்ளி விருப்பம்போல் அரை மணி மெதுவோட்டமோ ஓய்வோ. சனிக்கிழமை முதலில் டெட்லிஃப்ட், 130 முதல் 140 கிலோவில் 3 முறை வீதம் மூன்று செட், பிறகு ஓட்டமும் நிலையமும் மாறி மாறி. ஞாயிறு நீண்ட மெதுவோட்டம், ஒரு மணி நேரத்தில் தொடங்கி ஒன்றரை மணி வரை. திங்கள் ஒன்றும் வேண்டாம். மருதமலைக்குப் பக்திக்காகப் போங்கள், பயிற்சிக் கணக்கில் எழுதாதீர்கள்.

ஒரே நாளில் இரண்டு என்றால் இடையில் 6 மணி நேரம் இருப்பது நல்லது. இருப்பது ஒரே வேளைதான் என்றால், அன்றைக்கு எது முக்கியமோ அது முதலில். செவ்வாய்க்கு ஓட்டம் முதலில், சனிக்கு டெட்லிஃப்ட் முதலில். களைத்த முதுகோடு கனமான டெட்லிஃப்ட் போடுவது வீரம் அல்ல.

மெதுவோட்டம் என்று சொன்னேனே, அதில்தான் பலசாலிகள் எல்லாரும் தோற்கிறார்கள். உங்களுக்கு அது கிலோமீட்டருக்கு ஏழரை, எட்டு நிமிடமாக இருக்கும். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் நடங்கள், மூச்சு திரும்பியதும் மறுபடி ஓடுங்கள். 170 கிலோ தூக்குகிறவரை ஒரு பாட்டி ரேஸ் கோர்ஸில் முந்திப் போகும்போது மானம் போவது போல இருக்கும். போகட்டும். நீங்கள் "எந்த நாள் ஓடினாலும் மூச்சு வாங்குகிறது" என்று எழுதியதே நோயின் பெயர். தினமும் மூச்சு வாங்க ஓடினால் கால் தேறாது, செவ்வாய்க்கிழமை ஓட வேண்டிய வேகமும் வராது.

முதல் ஆறு வாரம் மெதுவோட்ட நேரத்தைக் கூட்டுவதுதான் முக்கிய வேலை. அடுத்த ஆறு வாரம் 800 மீட்டரை 1 கிலோமீட்டராக்கி, எண்ணிக்கையை ஆறு வரை கொண்டுபோங்கள். சனிக்கிழமைக் கலவையையும் கடினமாக்குங்கள். போட்டிக்கு மூன்று வாரம் முன்பு பாதிப் போட்டி ஒன்று: நான்கு கிலோமீட்டர், நான்கு நிலையம், போட்டி வேகத்தில். கடைசிப் பத்து நாள் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள். முழுப் போட்டியை வாராவாரம் ஒத்திகை பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், போட்டியன்று அவர்களிடம் மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

ஸ்லெட் விஷயம். தள்ளுவதற்கு, டைல்ஸ் தரையில் கெட்டியான துண்டை விரித்து அதன்மேல் 20 கிலோ தட்டுகளை அடுக்கித் தள்ளுங்கள். ஜிம் முதலாளி கத்துவார், துண்டு உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள். இழுப்பதற்கு, பழைய லாரி டயர் ஒன்று, கனமான கயிறு. தள்ளும்போது கவனிக்க வேண்டியது இடுப்பின் உயரம். இடுப்பு தோளுக்கு மேலே போனால் விசை தரைக்குள் போகும், ஸ்லெட் நகராது. கையை நீட்டிப் பூட்டியோ, முழங்கையை மடக்கித் தோளைக் கம்பத்தில் சாய்த்தோ பிடியுங்கள், எதுவானாலும் தோளும் இடுப்பும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கட்டும். அடி சின்னதாக, பாதத்தின் முன்பகுதி முழுதும் தரையைக் கவ்வ வேண்டும். ஸ்லெட்டை நகரத் தொடங்க வைப்பதற்குத்தான் அதிக விசை வேண்டும், அதனால் நடுவில் நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் அதே விலையை மறுபடி கொடுக்கிறீர்கள். 50 மீட்டர் என்பது 12.5 மீட்டர் நான்கு முறை. நிற்பதென்றால் ஓரத்தில் திரும்பும்போது இரண்டு மூச்சுக்கு நில்லுங்கள். தள்ளி முடித்ததும் 400 மீட்டர் ஓடிப் பழகுங்கள். முதல் 200 மீட்டருக்குத் தொடை உங்களுடையதாகவே இருக்காது. அந்த உணர்வோடு நடக்காமல் மெல்ல ஓடிக்கொண்டே இருப்பதுதான் இந்தப் போட்டியின் தனித் திறமை.

மூட்டைக்குக் கடைக்குப் போக வேண்டாம், 20 கிலோ மணலைச் சாக்கில் கட்டினால் போதும். கெட்டில்பெல் இல்லாத நாளில் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. உள்ளே தண்ணீர் ஆடுவதால் 24 கிலோ இரும்பைவிடக் கையைப் பதம் பார்க்கும்.

கடைசியாகச் சோறு. இரவுச் சோற்றை நிறுத்தியதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். வேகமாக ஓடவும் கனமாகத் தூக்கவும் தசையில் சேமித்திருக்கும் கிளைகோஜன்தான் எரிபொருள், அது மாவுச்சத்திலிருந்து வருகிறது. செவ்வாய் காலை ஓடிவிட்டு மதியம் முட்டையும் வெள்ளரிக்காயும் தின்றுவிட்டு மாலை ஸ்குவாட் போடப் போனால் பார் எப்படி எழும்? கடின நாட்களில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 கிராம் மாவுச்சத்து, உங்களுக்கு 420 கிராம். வடித்த சோறு 100 கிராமில் 28 கிராம்தான் இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். இட்லி, சோறு, வாழைப்பழம், கேழ்வரகு எதுவானாலும் சரி. புரதம் கிலோவுக்கு 1.6 கிராம், அதாவது நாளுக்கு 135 கிராம். முட்டை, மீன், கோழி, தயிர், கொண்டைக்கடலை என்று பிரித்துச் சாப்பிட்டால் டப்பா மாவு தேவைப்படாது. எளிய நாளில் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள், கடின நாளில் கை வைக்காதீர்கள். போட்டிக்கு நான்கு மாதம் இருக்கும்போது எடை குறைக்கும் பேச்சு வேண்டாம். 84 கிலோ உடம்பு ஸ்லெட்டின் பின்னால் நல்ல கனம்.

அதிகாலை_ஓட்டம் எழுதியது:

ஓட்டச் சிக்கனம் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆய்வுகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர்கள் எடை தூக்கத் தொடங்கியதைப் பற்றியவை. இவர் ஏற்கெனவே தூக்குகிறவர். இவருக்கு அந்த லாபம் பாதிக்கு மேல் வந்துசேர்ந்திருக்கும். என் ஓட்டு இன்னமும் நான்கு நாள் ஓட்டம், ஒரு நாள் எடைக்குத்தான்.

சத்துவாச்சாரி_தூக்கு எழுதியது:

நியாயமான கேள்வி. ஒரு நாளில் ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும் சேர்த்துச் செய்தாலும் வலிமை நிற்கும், மறுக்கவில்லை. இரண்டு நாள் என்று நான் சொல்வதற்குக் காரணம் வேறு: ஒரே நாளில் இரண்டையும் போட்டால் மறுநாள் வலியில் இவர் மெதுவோட்டத்தையும் விட்டுவிடுவார். வாரத்துக்கு இரண்டு முறை கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குகிறவருக்கு வலி குறைவு.

எலும்பும்_தசையும் எழுதியது:

சென்னையில் இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். மேலே உள்ள திட்டத்தில் எனக்குப் பெரிய மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இந்த வகையில் வருகிறவர்களை என் அறையில்தான் சந்திக்கிறேன், அதனால் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

பல ஆண்டு ஸ்குவாட் போட்ட ஒருவருக்கு இதயமும் நுரையீரலும் ஓட்டத்துக்குச் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் அதற்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். இந்த இடைவெளியில்தான் காயம் வருகிறது: மூச்சு ஒத்துழைப்பதால் இன்னும் ஓடலாம் என்று தோன்றும், முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒத்துக்கொள்ளாது. கணைக்கால் எலும்பின் உள்விளிம்பு நெடுக வலித்தால் ஓட்டத்தைக் குறைத்தால் போதும். ஒரே ஒரு புள்ளியில் விரலை வைத்து அழுத்தினால் சுளீர் என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள், எலும்பில் நுண்முறிவாக இருக்கலாம்.

கெண்டைக்கால் பயிற்சி யாரும் செய்வதில்லை. ஸ்குவாட் அதை வளர்க்காது. படியின் ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குங்கள், முழங்காலை நீட்டி ஒரு செட், சற்று மடக்கி ஒரு செட். மடக்கிச் செய்வது உள்ளே இருக்கும் சோலியஸ் தசைக்கு, மெதுவோட்டத்தின் பாரத்தைப் பெரும்பாலும் அதுதான் சுமக்கிறது.

இன்னொன்று மணல் மூட்டை லஞ்ச். பழக்கமில்லாமல் முதல் நாளே 100 மீட்டர் போகாதீர்கள். 30 மீட்டரில் தொடங்குங்கள். அளவுக்கு மீறிச் செய்த மறுநாளோ அதற்கு மறுநாளோ சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால், தொடை வீங்கி வலித்தால், தண்ணீர் குடித்துச் சமாளிக்கப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை அது. அபூர்வம்தான், ஆனால் உடல் வலிமை மிகுந்தவர்களுக்கும் வரும்.

மெத்தென்ற ஓட்டக் காலணியோடு ஸ்குவாட் போடாதீர்கள். அதற்குத் தட்டையான காலணி வேறாக இருக்கட்டும்.

காலாங்_கரை எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே இரண்டு முறை ஓபன் பிரிவில் கலந்துகொண்டவன், பயிற்சி பற்றி அக்கா எழுதியதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. போட்டியன்று நடப்பது பற்றிச் சில.

ஸ்லெட் ஓடும் தரை கம்பள விரிப்பு. உங்கள் டைல்ஸ் தரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 152 கிலோ என்ற எண்ணைவிட அந்த விரிப்பின் உராய்வுதான் காலைப் பிடித்து இழுக்கும். அதனால் ஜிம்மில் பழகும்போது எண்ணிக்கையைப் பார்க்காமல், நகர மறுக்கிற அளவுக்குக் கனம் ஏற்றிப் பழகுங்கள். போட்டிக்கு முன்பு ஸ்லெட் உள்ள ஜிம்முக்கு ஒரு முறையாவது பணம் கட்டிப் போய்த் தள்ளிப் பாருங்கள்.

ஒரு கிலோமீட்டர் என்பது அரங்கைச் சுற்றிச் சில வட்டங்கள். எத்தனை வட்டம் என்பது அரங்குக்கு அரங்கு மாறும். எண்ணிக்கையை நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சு வாங்கும்போது மூன்று வரை எண்ணுவதே பெரிய காரியம், குறைவாக ஓடினால் தண்டனை உண்டு. ஓட்டப் பாதைக்கும் நிலையத்துக்கும் நடுவே உள்ள பகுதியை ராக்ஸ்சோன் என்பார்கள். அங்கே நடந்து, தண்ணீர் குடித்து, வியர்வை துடைத்து எல்லாரும் நிமிடங்களைத் தொலைக்கிறார்கள். அந்த நேரமும் கடிகாரத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வால் பாலில் இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்காவிட்டால் நடுவர் எண்ணமாட்டார், பந்து குறியைத் தொடாவிட்டாலும் எண்ணமாட்டார். லஞ்சில் பின் முழங்கால் தரையைத் தொட வேண்டும். பயிற்சியில் அரைகுறையாகச் செய்து 100 முறை போட்டவர்கள் அங்கே 130 முறை போடுகிறார்கள். நான் 20, 20 ஆகப் பிரித்து, இடையில் ஐந்து மூச்சு விட்டுச் செய்கிறேன். கை ஓயும் வரை போட்டுவிட்டு ஒரு நிமிடம் குனிந்து நிற்பதைவிட வேகமாக முடிகிறது.

முதல் ஓட்டம் எல்லாருக்கும் வேகமாகத்தான் போகும். பாட்டுச் சத்தம், கூட்டம், கைதட்டல். அதில் மயங்கி 5 நிமிடத்தில் முதல் கிலோமீட்டரை ஓடிவிட்டால் மூன்றாவது நிலையத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கோவை_இரும்பு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அக்கா, நேற்றிரவு சோறு சாப்பிட்டுவிட்டேன், என் மனைவி உங்களுக்குத் தனியாக நன்றி சொல்லச் சொன்னார். இன்று காலை எட்டு நிமிட வேகத்தில் ஓடிப் பார்த்தேன். பாட்டி அல்ல, ஒரு தாத்தா முந்திப் போனார்.

இரண்டு சந்தேகம். இரவு ஷிஃப்ட் வாரத்தில் காலை 6 மணிக்கு வேலை முடிகிறது. ரேஸ் கோர்ஸ் வழியாகத்தான் வீடு. அப்படியே ஓடிவிட்டுப் போகலாமா, தூங்கி எழுந்து ஓடலாமா? இன்னொன்று, ஸ்கி எர்க் எங்கள் ஊரில் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. அதை அப்படியே விட்டுவிடலாமா?

சத்துவாச்சாரி_தூக்கு எழுதியது:

தூக்கம் முதலில். இரவு முழுக்க விழித்துவிட்டு, வெயில் ஏறுகிற நேரத்தில் ஓடி, உடம்பைச் சூடாக்கிக்கொண்டு படுத்தால் தூக்கம் கெடும், அன்றிரவு எந்திரத்தின் அருகில் நிற்கும்போது கண் சொருகும். அந்த ஓட்டம் அதற்குப் பெறாது. மதியம் வரை தூங்கி எழுந்து, சாப்பிட்டு, மாலை 5 மணிக்கு மேல் ஓடுங்கள். அந்த வாரம் முழுவதும் 800 மீட்டர் வேக ஓட்டம் வேண்டாம். மெதுவோட்டம் மூன்று, ஸ்குவாட் ஒரு நாள், டெட்லிஃப்ட் ஒரு நாள், செட் மூன்றை இரண்டாக்குங்கள். உங்கள் ஷிஃப்ட் மூன்று வாரத்துக்கு ஒரு முறை வருவதே வசதி, எப்படியும் உடலுக்கு ஓர் இலகு வாரம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

ஸ்கி எர்க்குக்கு, கேபிள் எந்திரத்தில் மேல் கப்பியில் கயிற்றை மாட்டி, கையை மேலிருந்து தொடை வரை இழுத்து இடுப்பை மடக்குங்கள், குறைந்த எடையில் 4 நிமிடம் விடாமல். கையால் மட்டும் இழுத்தால் தோள் ஒரு நிமிடத்தில் செத்துவிடும். வயிற்றைச் சுருக்கி உடல் எடையை அதன்மேல் போடப் பழகுவதுதான் நோக்கம். அது முதல் நிலையம் என்பதால் அங்கே வேகம் காட்ட வேண்டியதில்லை, மூச்சு கெடாமல் கடந்தால் போதும்.

டயர் கிடைத்ததும் எடை போட்டுப் பார்த்து எழுதுங்கள், மேலே எவ்வளவு தட்டு ஏற்றலாம் என்று சொல்கிறேன். கயிறு 15 மீட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள், நைலான் வேண்டாம், உள்ளங்கையை அறுத்துவிடும்.